கல்லூரிக்கு முன் வரும் கோடை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த இல்லங்களிலிருந்து ஆண்டுதோறும் நம்மிடம் வரும் வினா ஒன்றுண்டு. கல்லூரி திறக்கும் வரையில் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்பதே அது. வினா நல்ல வினாதான். ஆனால் விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது விடையில் பாதி முன்னமே முடிவாகிவிடுகிறது. முதலாண்டுப் பாடங்களை முன்கூட்டியே முடித்துத் தருவதாகச் சொல்லும் வகுப்புகளே அத்தாள்களில் மிகுதி. அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே நம் கருத்து.

அமெரிக்காவில் உறவினர் உள்ள அன்பர்கள் அந்நாட்டு வழக்கத்தை எடுத்துக்காட்டுவதுண்டு. அங்கே பள்ளியை முடித்த மாணவர், வீட்டருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் கோடைக்காலத்தில் ஒன்றிரண்டு பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். சேரவிருக்கும் பல்கலைக்கழகம் ஒப்புமாயின் அப்பாடங்கள் பட்டப்படிப்பின் கணக்கில் வரவு வைக்கப்படும். நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த சமுதாயக் கல்லூரித் திட்டம் தொழிற்பயிற்சியை நோக்கியது. அதன் வழி வேறு. இங்கே தனியார் நடத்தும் கோடை வகுப்பால் கல்லூரிப் பாடம் ஒன்றும் குறைவதில்லை. குறையாதபோது, ஒரே பாடத்துக்கு இருமுறை பணம் கொடுப்பானேன்?

காலமும் நீண்டதன்று. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 2022-இல் வந்த பொது நுழைவுத் தேர்வு, 2025-இல் மே 13 அன்று தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் முடிந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு முதலாண்டு வகுப்புகள் ஆகஸ்டு 1-இல் தொடங்கின. இடையில் எஞ்சியவை இரண்டே மாதங்கள். அவற்றிலும் சேர்க்கைப் பட்டியலை எதிர்நோக்கிக் கணினியின்முன் கழிந்த நாட்கள் பல. ஆதலின் ஒரு வகுப்பே போதும்.

எந்த ஒன்று? இவ்விடத்தில் நாம் பலமுறை கண்டதைச் சொல்ல வேண்டும். அந்நுழைவுத் தேர்வு, கொடுத்துள்ள விடைகளுள் சரியானதைத் தெரிந்து குறிக்கும் தேர்வு. அதற்கெனப் பல மாதங்கள் பழகிய பிள்ளை, கல்லூரியில் காண்பது வேறோர் உலகம். முப்பது பக்கக் கட்டுரையைப் படித்து வா என்பார்கள். படித்ததன் சாரத்தை இரண்டு பக்கத்தில் எழுது என்பார்கள். நமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் வரலாறு எடுத்த பெண், நுழைவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவள், முதற் பருவத்திலேயே மனம் உடைந்து கல்லூரியை விட்டுவிடுவதாகச் சொன்னாள். பாடத் தேர்வே பிழையோ என்று பெற்றோர் அஞ்சினர். அப்பெண்ணுக்கு வரலாறு தெரியாமலில்லை. அறிந்ததை நிரல்பட எழுதும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நாள்தோறும் ஒரு பக்கமாக இரண்டு மாதம் எழுதிய பின்னரே அவளுக்குக் கை வந்தது. அந்த இரண்டு மாதத்தைக் கோடையிலேயே செலவிட்டிருக்கலாம். கலைப்பிரிவில் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கில உரைநடைப் பயிற்சியையே நாம் முதலில் வைப்போம். திருத்தித் தருவதற்கு ஒருவர் இருந்தால் போதும்; அவர் பெரிய பயிற்சி நிலையத்தவராக இருக்க வேண்டுவதில்லை.

பிறருக்கு முதற் பருவப் பாடத்திட்டமே வழி காட்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் அது கிடைக்கும். அதைப் பெற்றோர் அல்லர், பிள்ளையே படித்துப் பார்த்துத் தன்னை அச்சுறுத்தும் பகுதியைக் குறிக்கட்டும். உளவியல் எடுப்போர் பலர் அதனுள் புள்ளியியல் இருப்பதைச் சேர்ந்த பின்னரே அறிகின்றனர். உயிரியல் படித்துவிட்டுக் கணினி அறிவியலுக்குச் செல்லும் பிள்ளைக்கு நிரல் எழுதுவதில் சிறு பழக்கம் வேண்டும்.

இவற்றுக்குப் பணமும் தேவையில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளை யாவரும் இலவசமாகக் காணலாம். அதன் சான்றிதழ்ப் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குவதால் கோடை இடையில் விழுந்துவிடுகிறது. சான்றிதழ் வாராதே என்று வருந்துவோர் உளர். முதற் பருவத்தில் அதைக் கேட்பார் எவரும் இலர்.

கட்டணம் கட்டியே சேர்ப்பதாயின், முதலில் ஒருநாள் வகுப்பில் அமர்ந்து பார்க்க இசைகின்றனரா என்று கேளுங்கள். இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

கோவைக்கும் திருச்சிக்கும் வேலூருக்கும் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் அதைப் படியாதவர்கள் இவர்கள். தமிழ்நாட்டில் இறங்கியதும் பேருந்தின் நெற்றிப் பலகையை அயலாரிடம் படித்துச் சொல்லக் கேட்க நேர்கிறது. விடுதியில் இவர்களை இந்திக்காரர் என்று அழைக்கிறார்கள். பெயரளவில் சிரித்துக்கொண்டாலும் உள்ளே அது தைக்கிறது. உயிர் 12, மெய் 18. காது முன்னமே அறிந்த மொழி. நாளுக்கு ஒரு மணி நேரமாக ஒரு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடும். முறையாகக் கற்க விரும்புவோர்க்கு, 2001-இல் தமிழ்நாட்டு அரசு நிறுவிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் அடிப்படை நிலையிலிருந்தே உள்ளன. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருப்பின், மாலையில் நாளிதழை எடுத்துக்கொண்டு பிள்ளையை அவர்கள் அருகில் அமரச் செய்யுங்கள். தலைப்புகளை அவன் படிக்கட்டும், செய்தியை அவர்கள் படிக்கட்டும்.