தனியா ஊர் சுத்தப் போறவங்க, வழியில கிடைக்கிற நண்பர்கிட்ட இதையும் சொல்லுங்க

"தனியாவா போனீங்க? அதுவும் ரஷ்யாவுக்கா? கூட வர ஒருத்தர் கூடவா கிடைக்கல?"

கசான் போட்டோக்களைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ்ல இதே கேள்விதான். வார்டுல சிஸ்டர்கள் இன்னும் நேரடியா கேட்டாங்க. "என்ன டாக்டர், வீட்ல சண்டையா?"

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

தனியா போறதுன்னா தனியாவே இருக்கறதுன்னு நம்ம ஊர்ல ஒரு எண்ணம் இருக்கு. என் அனுபவத்துல அது நேர்மாறு. நாலு நண்பர்களோட போனா அந்த நாலு பேரோட பழைய காலேஜ் கதையைத்தான் மறுபடியும் பேசிட்டு வருவோம். தனியா போனாத்தான் பக்கத்துல இருக்கறவர்கிட்ட "இந்த அடுப்பை எப்படிங்க பத்த வைக்கறது"ன்னு கேட்போம்.

நான் போனது 2023 டிசம்பர். அரசு டாக்டருக்கு வெளிநாடு போக என்.ஓ.சி. வேணும், அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்றேன். மாஸ்கோவுல ராத்திரி ரயில் ஏறினா சுமார் 800 கி.மீ. தாண்டி காலையில கசான். வோல்கா நதிக்கரையில இருக்கற தாதார்ஸ்தானோட தலைநகர். 1552ல இவான் பேரரசர் முற்றுகையிட்டுப் பிடிச்ச ஊர். அந்தக் கோட்டைக்குள்ள, அதாவது கிரெம்ளினுக்குள்ள, ஒரு பக்கம் பழைய தேவாலயம், கொஞ்சம் தள்ளி 2005ல திறந்த நீலக் கோபுரங்களோட குல் ஷரீஃப் மசூதி. ரெண்டையும் ஒரே போட்டோவுல எடுக்கலாம். 2000லேயே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிட்டாங்க.

எங்க ஹாஸ்டல்ல தனியா வந்தவங்களைச் சேர்த்து வெச்சது கோட்டை இல்லை, காசு. 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு பேங்க் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு எதுவும் அங்க வேலை செய்யாது. கையில டாலர் கொண்டு போய் மாத்தணும். "எங்க நல்ல ரேட்?"னு கிச்சன்ல ஆரம்பிச்ச பேச்சு, மூணு பேர் சேர்ந்து டீ குடிக்கறதுல வந்து நின்னுச்சு.

ஒருத்தர் பெர்ம் நகரத்துல இருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. இன்னொருத்தர் துருக்கியில இருந்து வந்த காலேஜ் தம்பி. என்னை "ஆபி"ன்னு கூப்பிடுவார், அவங்க மொழியில அண்ணன். தாதார் மொழி துருக்கிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி. இங்க பிர், இகி, உச். அங்க பெர், இகெ, உச். அதனால கடையில பேரம் பேசற வேலை தம்பிக்கு.

நர்ஸ் அம்மாவும் நானும் போன் ட்ரான்ஸ்லேட்டரை வெச்சு சமாளிச்சோம். அவங்க வீட்டுக்காரருக்கு என்ன நோய்னு சொல்ல வந்து ட்ரான்ஸ்லேட்டர் திணறுச்சு. "பெக்தெரெவ்"னு சொல்லி முதுகைத் தடவிக் காட்டினாங்க. சட்டுனு புரிஞ்சிடுச்சு. நாம ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு சொல்ற முதுகெலும்பு இறுகற நோய்க்கு ரஷ்யாவுல பெக்தெரெவ் நோய்னு பேரு. அந்த விளாதிமிர் பெக்தெரெவ் 1885ல இதே கசான் பல்கலைக்கழகத்துல மனநல மருத்துவப் பேராசிரியரா சேர்ந்தவர். ரெண்டு வருஷம் கழிச்சு அதே பல்கலைக்கழகம் போராட்டம் பண்ணினதுக்காக ஒரு சட்ட மாணவனை வெளியே அனுப்புச்சு. அந்த மாணவன்தான் பின்னாடி லெனின். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அன்னிக்கு ராத்திரி அந்தத் தம்பி மேஜை மேல ஒரு பேனா ஊசியை வெச்சார். "எனக்கு டைப் 1 சர்க்கரை. நான் திடீர்னு உளறினா இனிப்பு கொடுத்துடுங்க"ன்னார். சிரிச்சுட்டோம். (அவர் சம்மதத்தோடதான் எழுதறேன்.)

மறுநாள் கோட்டை, பௌமன் தெரு, அப்புறம் பழைய தாதார் குடியிருப்புன்னு நடந்துகிட்டே இருந்தோம். மைனஸ் 12 டிகிரி. மதியச் சாப்பாடு தள்ளிப் போச்சு. கபான் ஏரிக்கரையில தம்பி நடுங்க ஆரம்பிச்சார். அந்தக் குளிர்ல எல்லாரும்தான் நடுங்கறோம். கேட்ட கேள்விக்கு எரிச்சலா ஒரு பதில், அப்புறம் பதிலே இல்லை. நர்ஸ் அம்மா அவர் கையுறையைக் கழட்டினாங்க. உள்ளங்கை முழுக்க வேர்வை.

மைனஸ் 12ல வேர்வை.

பக்கத்து டீக்கடைக்குள்ள கூட்டிட்டுப் போனோம். டீயில மூணு ஸ்பூன் சர்க்கரை, உடனே குடிக்கற மாதிரி பச்சைத் தண்ணி கலந்து கொடுத்தோம். குளுக்கோமீட்டர் 52 காட்டுச்சு. 15 நிமிஷம் கழிச்சு 88. அப்புறம் எச்போச்மாக், உருளைக்கிழங்கும் கறியும் வெச்ச முக்கோணப் பன். என் பையில சக்சக் இருந்துச்சு, அந்த ஊர் தேன் இனிப்பு. ஆனா எண்ணெயில பொரிச்சது, கொழுப்பு இருந்தா சர்க்கரை ரத்தத்துல மெதுவாத்தான் ஏறும். வேற எதுவும் இல்லைன்னா கொடுக்கலாம். ஜூஸ், சர்க்கரைத் தண்ணி இருந்தா அதுதான் முதல்ல. மயங்கிட்டாருன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

இப்ப என் கருத்து. முந்தின நாள் அவர் சொல்லாம இருந்திருந்தா? தெருவுல தள்ளாடுற ஒரு இளைஞனைப் பார்த்தா எந்த ஊர்லயும் முதல்ல என்ன நினைப்பாங்க? குடிச்சிருக்கான்னு ஒதுங்கிப் போயிடுவாங்க.

நாம ஹாஸ்டல்ல யாரையாவது பார்த்தா இன்ஸ்டா ஐடி கேட்கறோம், போட்டோ எடுத்துக்கறோம். சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, மருந்து அலர்ஜி பத்தி வாயே திறக்கறதில்லை. காரணம் எனக்குத் தெரியும், தினமும் ஓ.பி.யில பார்க்கறேன். டைப் 1 இருக்கற குழந்தையைப் பத்தி ஸ்கூல்ல சொல்ல மாட்டாங்க, நாளைக்குக் கல்யாணம் ஆகாதுன்னு பயம். சொந்தக்காரங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரியும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. வழியில பார்த்த அந்த ஆளுக்கு உங்க பெரியம்மாவைத் தெரியாது. அவர்கிட்ட சொல்றதுல என்ன பயம்? ரெண்டு நாள் பழக்கம்தானேன்னு நினைக்காதீங்க, உங்க சர்க்கரை இறங்கறப்ப பக்கத்துல நிக்கப் போறது அவர்தான்.

நோயைச் சொல்றது வேற, பாஸ்போர்ட்டைக் கொடுக்கறது வேற. பணம், பாஸ்போர்ட், ரூம் சாவி யார்கிட்டயும் வேண்டாம். கண் முன்னாடி திறக்காத பாட்டில்ல குடிக்காதீங்க. இது ஆண்களுக்கும்தான்.

குளிர் நாட்டுக்கு இன்சுலின் கொண்டு போறவங்க அதைக் கோட்டுக்கு உள்பக்கம், உடம்பை ஒட்டி வெச்சுக்கோங்க. உறைஞ்ச இன்சுலின் மறுபடி இளகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கடுங்குளிர்ல குளுக்கோமீட்டரும் எரர் காட்டும், உள்ளே போய்ப் பாருங்க. டோஸ் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட பேசிட்டுக் கிளம்புங்க. நான் வெறும் எம்.பி.பி.எஸ்., நிபுணர் இல்லை.

இன்னொண்ணு. அது போர் நடத்துற நாடு. 2024 டிசம்பர்ல கசான் அடுக்குமாடிகள் மேலயே ட்ரோன் வந்து மோதுச்சு. நம்ம வெளியுறவுத்துறை என்ன சொல்லுதுன்னு பார்க்காம டிக்கெட் போடாதீங்க. அங்க ஆம்புலன்ஸ் 103, பொது அவசர எண் 112.

அன்னிக்கு ராத்திரி நர்ஸ் அம்மா என்னைப் பார்த்து, "நீ டாக்டர் சரி, உனக்கு என்ன?"ன்னு கேட்டாங்க. பென்சிலின் அலர்ஜின்னு சொன்னேன். ஒரு சின்னத் தாள்ல ரஷ்ய மொழியில பெரிய எழுத்துல எழுதி, என் போன் கவருக்குள்ள அவங்களே செருகினாங்க. நீங்க எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர் மொழியில இப்படி ஒண்ணு வேணும்: நோயோட பேரு, மருந்தோட ஜெனரிக் பேரு, அலர்ஜி, வீட்டு போன் நம்பர். என்ன எழுதறதுன்னு சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. நைட் டூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன்.