கணக்கில் விட்டுப்போன எட்டாவது

அபிஜித் நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அக்டோபரில், செபமாலை மாதா திருவிழாச் சமயத்தில், மழை மூட்டம் இல்லாத ராத்திரியாகப் பார்த்து ஏழு மணிக்கு மொட்டைமாடி ஏறுங்கள். வடமேற்கே, பாதி வானத்துக்குச் சற்று மேலே, வெள்ளை வெளேரென்று ஒன்று நிற்கும். அவிநாசி ரோட்டு விளக்கு அத்தனையும் சேர்ந்தாலும் அதை அமுக்க முடியவில்லை. கையை நீட்டி முஷ்டி பிடித்துக்கொள்ளுங்கள். அபிஜித்துக்கு வலப்பக்கமாக, வடக்கே, ஒரு முஷ்டி அகலம் தள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஒன்றும் தெரியாத இடத்தில்தான் இந்த வாரத்து விஷயம் இருக்கிறது.

கெப்ளர்-90 என்று பெயர். நம் சூரியனைப் போன்ற நட்சத்திரம். எடையில் ஒன்றேகால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, சூட்டில் கொஞ்சம் அதிகம். 2,500 ஒளியாண்டுக்கு மேல் தூரம். இன்றைக்கு வந்து சேர்கிற வெளிச்சம், நொய்யல் கரையில் கொடுமணல்காரர்கள் கல்மணிக்குப் பட்டை தீட்டிய காலத்தையொட்டியோ அதற்கும் முன்போ கிளம்பியது. அதைச் சுற்றி எட்டுக் கோள்கள். நமக்கும் எட்டு. 2017 டிசம்பர் 14 அன்று நாசா இதை அறிவித்தபோது நம் சூரியக் குடும்பத்துக்குச் சரிசமமாக ஒன்று கிடைத்துவிட்டதென்று உலகமே பேசியது.

செய்தியோடு ஒரு படமும் வந்தது. வரிசையாக எட்டு உருண்டைகள், நீலமும் பழுப்பும் கலந்து, பார்க்க அழகு. அது ஓவியர் வரைந்த படம். அந்த எட்டில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பத்திரிகைக்காரர்கள் இதைச் சின்ன எழுத்திலாவது போட்டிருக்கலாம். இருக்கும் அதிசயமே அதுதானே, பார்க்காமலே எட்டு என்று எண்ணியது!

எப்படி எண்ணினார்கள்? நட்சத்திரத்தின் முன்னால் ஒரு கோள் கடந்து போனால் வெளிச்சம் துளி குறையும். கோள் விலகியதும் பழையபடி ஆகும். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அதே குறைச்சல் திரும்பத் திரும்ப வந்தால், சுற்றுகிற ஒன்று இருக்கிறது. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி செய்த வேலை அவ்வளவுதான். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை நாலு வருஷம் இமைகொட்டாமல் பார்த்து, சுமார் அரை மணிக்கு ஒருமுறை வெளிச்சத்தைக் குறித்துவைத்தது. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கோள் என்றால் கணக்கு லேசு. எட்டு என்றால், எட்டு வேறு வேறு தாளம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சோமனூர்ப் பக்கத்துத் தறி ஃபிட்டர் ஒருவர் ஞாபகம்தான் வரும். சாதாத் தறிகள் ஓடுகிற குடோனுக்கு வெளியே நின்றால் நமக்குக் கேட்பது ஒரே இரைச்சல். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “மூணாவது தறியில நாடா அடி சரியில்லீங்களே, பாருங்க” என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். எல்லாத் தட்டும் அவர் காதில் தனித்தனியாகப் பிரிந்து விழுகிறது. கெப்ளர்-90இன் வெளிச்சக் குறிப்பிலும் ஏழு தாளத்தை 2013இலேயே பிரித்துவிட்டார்கள். ஜெர்மானிய ஆய்வாளர்கள் முன்னின்ற குழு ஒன்று. இன்னொரு பக்கம், வீட்டிலிருந்தபடி கணினித் திரையில் வெளிச்சக் கோடுகளைப் பார்த்துச் சொல்கிற தன்னார்வலர்கள். சம்பளம் இல்லாத அந்தக் கூட்டத்தின் கண்ணிலும் அந்த ஏழாவது தட்டுப்பட்டது.

எட்டாவது அதே குறிப்பில் அப்போதே இருந்தது. பூமியைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல் குறுக்களவு. அது கடக்கும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். அவ்வளவு மெல்லிய குறைச்சலை ‘இரைச்சல்’ என்று தள்ளிவிடுவது வழக்கம். கூகுளில் இருந்த கிறிஸ்டோபர் ஷல்லூவும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ வாண்டர்பர்க்கும் ஒரு கணினி நிரலுக்குப் பாடம் எடுத்தார்கள். நிபுணர்கள் முன்பே சரிபார்த்து ‘இது கோள், இது கோளில்லை’ என்று பிரித்துவைத்த 15,000 குறிகளைக் காட்டிப் பழக்கினார்கள். சோதனையில் 96 சதவீதம் சரியாகச் சொன்னது. பிறகு, ஏற்கெனவே கோள்கள் தெரிந்த 670 நட்சத்திரங்களின் பழைய குறிப்பைக் கொடுத்து, தள்ளிவிட்டதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவச் சொன்னார்கள். 14.4 நாளுக்கு ஒருமுறை சுற்றும் கெப்ளர்-90 ‘ஐ’ என்ற கோள் அப்படித்தான் அகப்பட்டது.

‘ஐ’ என்றதும் எட்டாவது கோளோ, ஒன்பதாவதோ என்று குழப்பம் வரும். பெயர் வைக்கும் முறையில் நட்சத்திரத்துக்கே முதல் எழுத்து போய்விடும். கோள்கள் ‘பி’யில் தொடங்கும். கண்டுபிடித்த வரிசைப்படி எழுத்து. அதனால் உள்ளிருந்து மூன்றாவதாகச் சுற்றுகிற இந்தக் கோளுக்குக் கடைசி எழுத்து.

கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிட்டது என்று அந்த வாரம் தலைப்புப் போட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 15,000 குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தவர்கள் மனிதர்கள். நிரல் அவர்கள் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டது.

தெருமுனைத் தறிக்குடோன் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங் தம்பி, அங்க சென்ட் என்ன வெலைங்க?”

நெடுஞ்சாலையோரம் குடியிருக்கிறவருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? பதில் சொல்லத்தான் வேண்டும். எட்டாவது கோளின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஈயம் உருகி ஓடும். எட்டுக் கோள்களும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மிக வெளியே இருக்கிற ‘எச்’சே, நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில்தான் சுற்றுகிறது, 331 நாளுக்கு ஒரு சுற்று. தூரம் தோதாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அது வியாழன் அளவு வாயு உருண்டை. சென்ட் அளக்கத் தரையே கிடையாது. அதற்கு உள்ளே இருக்கும் ‘ஜி’ இன்னும் மோசம். பூமியைப்போல எட்டு மடங்கு குறுக்களவு, எடையோ சுமார் பதினைந்து பூமிதான், பஞ்சு. பக்கத்து ‘எச்’ இழுக்கிற இழுப்பில், வர வேண்டிய நேரத்திலிருந்து ஒரு நாள் அளவுக்கு முன்னே பின்னே ஆகிவிடும். வாயேஜர் வேகத்தில் கிளம்பினாலும் போய்ச் சேர நாலு கோடி வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன். “அப்ப வேண்டாமுங்க, நம்ம அன்னூர்ப் பக்கமே பாத்துக்கலாம்” என்றார்.

வெளிச்சம் குறைவதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற இந்த வேலைக்குத் தமிழ்நாடு புதிதில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனது. ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் சட்டென்று இறங்கி ஏறியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடல் மேலே விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு இரண்டு பக்கமும் அதே மாதிரி இறக்கங்கள் கிடைத்தன. மறைத்தது நிலா அல்ல, வளையங்கள். காவலூர்க் குறிப்பில் இருந்த இறக்கம் நிஜம். வைத்த பெயர்தான் மாறிப்போனது.

இன்னும் பின்னால் போனால் நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகத்தை 1850களில் நடத்தியவர் கேப்டன் டபிள்யூ.எஸ். ஜேக்கப். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களை அளப்பது அவருக்குப் பிடித்த வேலை. 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை பதினாறரை ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இருட்டான ஊரில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் பாதையைக் கணக்குப்படி வரைந்தால், அளந்த இடத்துக்கும் கணக்கு சொன்ன இடத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பது மிகவும் சாத்தியம் என்று 1855இல் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். வேறொரு சூரியனுக்குக் கோள் இருக்கிறதென்று அளவையைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் சொன்ன ஆட்களில் அவர் ஒருவர். சொன்ன இடம் சென்னை.

அவர் கணக்கு நிற்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் டி.ஜே.ஜே. சீ என்பவர் அதே நட்சத்திரத்தை எடுத்து, கோள் இருந்தே தீரும் என்று அடித்துப் பேசினார். 1899இல் மோல்டன் என்பவர் அந்தப் பாதை நிலைக்கவே நிலைக்காது என்று நிரூபித்தார். சீ வரிந்துகட்டிக்கொண்டு கடிதம் எழுத, பத்திரிகை அவருக்குக் கதவைச் சாத்தியது. எனக்கு ஜேக்கப் மேல் மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான். ‘மிகவும் சாத்தியம்’ என்று சொன்னாரே தவிர, ‘இருந்தே தீரும்’ என்று அவர் அடித்துப் பேசவில்லை. மிச்சம் வந்த சின்ன இடைவெளியை அழித்துவிடவும் இல்லை, ஊதிப் பெரிதாக்கவும் இல்லை. 1995இல்தான் சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்கு ஒரு கோள் ஊர்ஜிதமானது. ஒன்றுக்கு மேற்பட்ட கோள்களோடு அப்படிப்பட்ட நட்சத்திரம் கிடைத்தது 1999இல்.

தறிக்குடோன் அண்ணன் போன வாரம் இன்னொன்று கேட்டார்: “எட்டாவது இத்தனை நாள் ஒளிஞ்சிருந்துச்சுன்னா, ஒம்பதாவது இருக்காதுங்களா?” சரியான கேள்வி. 14 நாளில் சுற்றும் ‘ஐ’க்கும் 60 நாளில் சுற்றும் ‘டி’க்கும் நடுவே பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே ஒரு கோள் சற்றுச் சாய்ந்த பாதையில் போனால் நட்சத்திரத்துக்கு முன்னால் வராது, வெளிச்சமும் குறையாது. ‘எச்’சுக்கு வெளியே இருந்தாலும் சிக்கல்தான். கெப்ளர் அந்தப் பக்கம் பார்த்தது நாலு வருஷம். 2013இல் திசைகாட்டும் சக்கரம் பழுதாகி அந்தப் பார்வை நின்றது, 2018 அக்டோபரில் எரிபொருளும் தீர்ந்தது. அங்கேயிருந்து யாராவது நம் சூரியனை இதேபோல நாலு வருஷம் பார்த்தால், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும் வியாழன் கணக்கிலேயே வராமல் போகலாம்.