கருக்கு

பனைமட்டையின் இருபுறமும் இரம்பப் பற்கள்போல் அமைந்தது கருக்கு. விறகு பொறுக்கும் பிள்ளைகளின் கைகளைக் கீறிவிடும். அப்பெயரையே தம் வாழ்க்கை நூலுக்குச் சூட்டினார் எழுத்தாளர் பாமா.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1958ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். ஆசிரியப் பணியை விடுத்து, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டாற்றும் ஆவலோடு கன்னியர் மடம் புகுந்தார். அங்கும் சாதி வேற்றுமையே எதிர்ப்பட, ஏழாண்டுகளுக்குப்பின் 1992இல் வெளியேறினார். அவ்வாண்டே, ஊர்ப் பேச்சுமொழியில் அவர் எழுதிய 'கருக்கு' வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

அன்பர்களே! அந்நூலில் வரும் ஆலயமும் பள்ளியும் மடமும் நம்முடையவை. வீட்டின் குறையை எடுத்துரைக்கும் மகள் வீட்டுக்குப் பகையாவாளோ? கை கீறுமென்று அஞ்சாது, குடும்பமாய் அமர்ந்து படியுங்கள். பின்னர், நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் சாதிச்சுவர் ஏதும் நிற்கிறதா என்று சென்று பாருங்கள்.