சுவரை வைத்தன்றோ சித்திரம்?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். உடலைப் பேணுக என்பதே அதன் உட்பொருள். இம்மாதம் அப்பழமொழியின் நேர்ப்பொருளையே எடுத்துக்கொண்டு, நாம் வாழும் இவ்வனந்தபுரியின் சுவர்களைப் பற்றிச் சில சொற்கள் எழுத விரும்புகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் பேத்தியை அழைத்துக்கொண்டு பாளையத்திலிருந்து அருங்காட்சியகத்தை நோக்கி நடந்தேன். வழியில் ஒரு மதிற்சுவரின் முன் குழந்தை நின்றுவிட்டாள். வெயிலில் நிறம் வெளிறி, மழையில் பாசி படிந்து, பாதி உதிர்ந்துபோன ஓவியம் அது. “தாத்தா, இதை யார் அழித்தார்கள்?” என்று கேட்டாள். அக்கேள்வி என்னைச் சுட்டது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இந்நாட்டில் சுவரோவியம் புதியதன்று. குமரி மாவட்டத்துத் திருநந்திக்கரைக் குகைக்கோயிலில் மங்கிய வண்ணக்கோடுகளாக எஞ்சி நிற்பவை, கேரள மரபின் மிகப் பழைய சுவரோவியங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடத்து ஓவியங்களைக் கண்டோர் மறவார். 1956-இல் குமரி தமிழகத்தோடு இணைந்த பின்னரும், அவ்வரண்மனையைக் கேரள அரசே காத்துவருகிறது. மண் ஓர் அரசினது. மாளிகை மற்றோர் அரசினது. இரு நாட்டாருக்கும் பொதுவான செல்வம் அது.

பழைய ஓவியர் சுவரைப் பக்குவப்படுத்திய முறையைக் கேட்டால் வியப்பு மேலிடும். கடுக்காய் ஊறிய நீரில் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசுவர். அது காய்ந்தபின் இளநீரில் கரைத்த சுண்ணத்தைப் பலமுறை தீற்றுவர். அதன் மேலேதான் தூரிகை படும். காவியும் மஞ்சளும் மண்ணிலும் கல்லிலும் கிடைப்பன. பச்சைக்கு அவுரிச் சாறு. கருமைக்கு விளக்கின் புகைக்கரி. வண்ணம் பற்றி நிற்க வேப்பம்பிசின். வெண்மையோ சுவரின் சுண்ணமே. ஐந்து நிறங்களில் ஓர் உலகையே படைத்தனர். சுவர் முதலில் ஆயத்தமாயிற்று. சித்திரம் பின்னர் வந்தது. பழமொழி அவர்களுக்குத் தொழில்நெறியாகவே இருந்தது.

இக்கலையில் நம்மவர்க்கும் பங்குண்டு. சுவாதித் திருநாள் மன்னர் அவையில் மதுரை அழகிரி நாயுடு என்னும் ஓவியர் சிறப்புற்றிருந்தார். கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா, இளமையில் அரண்மனை ஓவியராகிய இராமசாமி நாயுடுவின் கைத்திறன் கண்டு நீர்வண்ண முறையைப் பயின்றார். சங்குமுகம் கடற்கரையில் சாகரகன்னிகையை வடித்த கானாயி குஞ்ஞிராமன், சென்னைக் கலைக் கல்லூரியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் கற்றவர். கலை எல்லைக்கோடு பார்த்து நடப்பதில்லை.

கோயிலிலும் அரண்மனையிலும் இருந்த ஓவியத்தைத் தெருவுக்குக் கொணரும் முயற்சி 2015-இல் இந்நகரில் நிகழ்ந்தது. மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ‘ஆர்ட்டீரியா’ என்னும் பெயரால், பெயர்பெற்ற ஓவியர் பலரை அழைத்து நகரின் நடுப்பகுதிச் சுவர்களில் எழுதச்செய்தது. கானாயியும் அவர்களுள் ஒருவர். கட்டணம் கொடுத்துக் கலைக்கூடம் புக இயலாதவனும், பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் ஒரு தேர்ந்த ஓவியரின் படைப்பைக் காணலாயிற்று. பின்னர் ஓவியங்களைப் புதுப்பிக்கும் முயற்சிகளும் நடைபெற்றன.

ஆயினும் தெருச்சுவருக்குப் பகை பல. இடவப்பாதி ஒருமுறை நனைக்கிறது. துலாவர்ஷம் மறுமுறை நனைக்கிறது. சுவரினுள் ஏறிய ஈரம் வண்ணத்தை மேலிருந்து தோலாக உரிக்கிறது. இது இயற்கை. மனிதர் செய்வது வேறு. தேர்தல் நெருங்குமுன்னரே கட்சியின் பெயரையும் ஆண்டையும் குறித்து, ‘புக்டு’ என்றெழுதிச் சுவரை உரிமை கொள்ளும் வழக்கம் இங்குண்டு. அதற்கும் மேலாகச் சுவரொட்டிகள்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாக் குழுவுக்கு நான் செயலாளனாக இருந்தேன். சுவரொட்டிகள் அச்சாகி வந்தன. இளைஞர் சிலர் மைதாப் பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு இரவில் புறப்பட்டனர். எங்கே ஒட்டலாம் எங்கே ஒட்டலாகாது என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாட்காலை அவ்வழியே சென்றபோது, சுவரில் எழுதியிருந்த ஒரு பெண்ணின் முகத்தின்மேல் எங்கள் அறிவிப்பு நின்றது. அவள் கண்கள் இருந்த இடத்தில் என் பெயர்!

எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த நாகர்கோவில்காரர் புன்னகையோடு, “அண்ணாச்சி, அந்த அம்மாவின் முகத்தில் உங்கள் பெயர் நன்றாகத்தான் தெரிகிறது” என்றார்.

அவர் கடையிலேயே ஒரு வாளி நீர் வாங்கிக் காகிதத்தை நனைத்து உரித்தேன். காகிதத்தோடு வண்ணமும் வந்துவிட்டது. நெற்றியும் ஒரு கண்ணும் போயின. எழுதியவர் எத்தனை நாள் வெயிலில் நின்று எழுதினாரோ! என் கையில் ஒரு பிடி ஈரக் காகிதமே எஞ்சிற்று. ஆகவேதான், “யார் அழித்தார்கள்?” என்று பேத்தி கேட்டபோது, மழையென்று மட்டும் சொல்லித் தப்ப என் மனம் இசையவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாமல் வந்தாள்.

நாம் இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறோம். சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்கிறோம்; கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் வீடு கட்டியிருக்கிறோம். எனினும் பொதுச்சுவரைக் காணும்போது மட்டும், இது யாருக்கோ உரியது என்றெண்ணிவிடுகிறோம். நம் தாய்நாட்டின் நிலையும் இதுவே. திறந்த இடங்களை அலங்கோலப்படுத்தலாகாதென்று தமிழகத்தில் 1959-இலேயே சட்டம் செய்தனர், சுவரொட்டி நின்றபாடில்லை. 2010-ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் எழுதுவித்தது, சுவரொட்டிக்கு அஞ்சியே. 2020-இல் அந்நகரின் கண்ணகி நகரில், இடம்பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட ஏழை மக்களின் அடுக்குவீட்டுச் சுவர்களில் பெருஞ்சித்திரங்கள் எழுந்தன. ஓவியம் வறுமையைத் தீர்க்காது. ஆனால் தன் தெருவை நான்குபேர் வந்து பார்க்கிறார்கள் என்னும் பெருமிதம் சிறிதன்று.

நம் பெண்மணிகளைப் பாருங்கள். ஒவ்வொரு விடியலிலும் வாசல் தெளித்துக் கோலமிடுகின்றனர். தெருவில் போவோர் அனைவருக்குமாக எழுதப்படும் சித்திரம் அது. அதன்மேல் யாரேனும் வேண்டுமென்றே கால்வைத்துச் சென்றால் நம் உள்ளம் பதைக்கிறதல்லவா? சுவரில் எழுதியவருக்கும் அதே உள்ளந்தான்.

ஆதலின் விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். சுவரொட்டி கட்டாயம் வேண்டுமென்றால், ஒட்டும் இடங்களை முன்னரே எழுதி உரியவரிடம் இசைவு பெறுங்கள். இளைஞரைப் பசையோடு அனுப்பும் இரவில் மூத்தவர் ஒருவரும் உடன் செல்லுங்கள். நான் செல்லவில்லை, அதன் பயனைக் கண்டேன்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். ஒரு விடுமுறைக் காலையில் குழந்தைகளை இச்சுவர்களின் வழியே நடத்திச் சென்று, அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்களையும் காட்டுங்கள். திங்களன்று அங்கு விடுமுறை.  என் பேத்தி வீடு திரும்பியதும், அச்சுவரில் மறைந்துபோன கண்ணை ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள். இன்னும் எழுதி முடிக்கவில்லை.