நந்தி விலகினால் போதுமா?

திருப்புன்கூரில் நந்தி விலகியது. நந்தன் வெளியே நின்றபடியே சாமியைப் பார்த்தான். மறைக்கிற மாட்டை ஒதுங்கச் சொன்ன சிவனுக்கு நந்தனை உள்ளே கூப்பிட மட்டும் தோன்றவில்லை. இணையவழித் தத்துவ மாநாடுகளைக் கூட்டாகப் பார்க்க ஏற்பாடு செய்யும் கல்லூரி நண்பர்கள் ‘அறிவு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது’ என்று துண்டறிக்கை அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடுதான் ஞாபகம் வருகிறது.

2020இல் கொரோனா மாநாட்டு அரங்குகளைப் பூட்டியது. விமானச் சீட்டும் விசாவும் உள்ளவனுக்கு மட்டும் திறந்த கதவு ஜூமில் நமக்கும் கொஞ்சம் திறந்தது. லாபம்தான், மறுக்கவில்லை. அமெரிக்கக் கோடையில் நியூயார்க் காலை ஒன்பது மணி நமக்கு மாலை ஆறரை. வேலை முடிந்து வந்து உட்காரலாம். எங்கே, எப்படி உட்கார வைக்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

ஒரு கல்லூரியில் எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை. பேராசிரியர்கள் முன்வரிசை, நாங்கள் கடைசி வரிசை. மூன்று மணி நேரம் மூச்சு விடவில்லை. கேள்வி நேரம் வந்தது. கணினி யார் முன்னால் இருந்ததோ அவர் கேட்டார். இந்தப் பக்கம் நாற்பது பேர். அந்தப் பக்கம் திரையில் ஒரே கட்டம், ஒரே பெயர், அவருடைய பெயர். முடிந்ததும் டீ, பிஸ்கட், “நல்லா இருந்துச்சா தம்பி?” ஊர்த்தெரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று டிவி பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கால் வலி எனக்கு மறக்கவில்லை.

கோட்பாடு செய்ய ஒரு கூட்டம், அதற்குத் தரவாக இருக்க ஒரு கூட்டம் என்று இந்தியச் சமூக அறிவியல் பிளந்து கிடப்பதை கோபால் குரு 2002இலேயே எழுதிவிட்டார். 2012இல் சுந்தர் சருக்கையோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த நூலும் அனுபவம் யாருடையது, கோட்பாடு யாருடையது என்ற சண்டைதான். இப்போது மூன்றாவதாக வேடிக்கை பார்க்கிற கூட்டம் ஒன்றையும் உண்டாக்குகிறார்கள்.

பிறகு எங்கள் தெருவிலேயே போட்டோம். சுவரில் வெள்ளை வேட்டி, இரவல் புரொஜக்டர். நேரலை வேண்டாம், பதிவு போதும் என்று முடிவு செய்தோம், பதிவை நிறுத்தலாம். தொடுதல் பற்றிய இருபது நிமிட உரைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. எம்.ஏ. படிக்கும் பெண் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். (தானாக ஓடும் ஆங்கில எழுத்து ‘தலித்’தை ‘டிலீட்’ என்று அடித்தது. சிரித்தோம், வேறென்ன செய்ய.) பாதியில் துப்புரவு வேலைக்குப் போகிற பெரியம்மா குறுக்கே விழுந்தார்:

“இருப்பா. பொணம், பீ, சாணி எல்லாத்தையும் நாந்தான் தொடுறேன். தொடமாட்டேன்னு ஒதுங்குறவன் அவன். அப்ப தீண்டாதவன் அவன்தானே? அந்தப் பேரு எனக்கு எப்பிடிடா வந்துச்சு?”

உரை அங்கேயே நின்றது. அன்றைக்கு அதற்கு மேல் ஓட்டவில்லை. கேள்வியை மொழிபெயர்த்து, கேட்டவர் பெயரையும் போட்டு உரையாளருக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. நாங்கள் விவாதத்தை நிறுத்தவும் இல்லை.

இது புதுசும் இல்லை. 1898இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். வாசகர்கள் சந்தேகம் எழுதிக் கேட்டார்கள், பண்டிதர் அச்சில் விடை சொன்னார். தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களிடமும் அந்தச் சங்கம் வேர்பிடித்தது. தத்துவத்தை அவர்கள் வாய் மூடிக் கேட்கவில்லை.

ஆகவே, கூட்டுத் திரையிடலுக்கு எங்களைக் கூப்பிடும் தோழர்களே, வருகிறோம். கணினியைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். கட்டத்தில் உங்கள் பெயரை அழித்துவிட்டு எங்கள் தெருப் பெயரைப் போடுங்கள். நிறுத்து என்றால் நிறுத்துங்கள். டீ நாங்களே போட்டுக்கொள்கிறோம்.