செலவு போகத்தான் பங்கு

என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. படகு கரை ஏறி, வியாபாரி இறாலையும் மீனையும் எடை போட்டுக் காசு கொடுத்ததும், கரையிலேயே ஒரு துண்டை விரித்து எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். முதலில் கயிறு, ஐஸ், சாப்பாடு என்று ஆன செலவை எடுத்துத் தனியே வைப்பார்கள். பின்னால் மோட்டார் வந்தபோது எண்ணெய்க் காசும் அதில் சேர்ந்தது. மீதியைத்தான் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்கு, வலைக்கு என்று தனிப் பங்கு.

"படகு என்ன சோறா சாப்பிடுது, அதுக்கு எதுக்குப் பங்கு?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"அதுவும் தேயுதுடா. நாளைக்கு உடைஞ்சா எவன் வாங்கித் தருவான்?" என்றார் அப்பா.

பின்னால் சென்னையில் ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 33 வருடம் வேலை பார்த்தேன். 'தேய்மானம்' என்று அங்கே பெரிய பெரிய புத்தகத்தில் எழுதியதெல்லாம் அப்பா சொன்ன அந்த ஒரு வரிதான்.

இப்போது எங்கள் காட்டூரிலும் பக்கத்து ஊர்களிலும் ஏரியை மட்டும் நம்பிப் பிழைக்கிற பையன்கள் குறைவு. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று கிளம்பிவிடுகிறார்கள். வேலைக்குத்தான் போகிறார்கள், ஆனால் பலருக்குச் சம்பளம் கிடையாது. 'கான்ட்ராக்ட்'. அதாவது பில் போட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குப் பணம் வரும். பி.எஃப்., லீவு எதுவும் கிடையாது. கருவி, ஆள், பெட்ரோல் எல்லாம் பையன் கைக்காசு.

என் அக்கா மகன் அப்படி வெல்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான். போன வருடம் ஒருநாள் மாலை வாசலில் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"மாமா, பேங்க்ல லோன் இல்லைன்னுட்டாங்க. என் வருமானம் வருஷத்துக்கு ஐம்பத்தி நாலாயிரம்தானாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாதம் எழுபது, எண்பது ஆயிரத்துக்கு பில் போடுகிறவன் அவன். பேப்பரையெல்லாம் எடுத்துவரச் சொன்னேன். ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினான். அன்று ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது.

முதல் விஷயம். அவனுக்குப் பணம் கொடுக்கிற கம்பெனி, ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் டி.டி.எஸ். பிடித்து அவன் பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கிறது. தனி ஆள் கான்ட்ராக்டருக்கு அந்த 1 சதவீதம் சட்டப்படி சரிதான். பான் கொடுக்காமல் இருந்தால் 20 சதவீதம் போயிருக்கும். ஆனால் பிடித்தம் என்பது வரி அல்ல, முன்பணம். வருடக் கடைசியில் கணக்கு தாக்கல் செய்து, வரி இல்லையென்றால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இவன் முதல் மூன்று வருடம் தாக்கலே செய்யவில்லை. மூன்று வருடத்துக்கும் சேர்த்து 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே அப்படியே கிடக்கிறது. தாமதக் கணக்கு போடும் கெடுவும் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகும் போடலாம் என்கிற 'புதுப்பித்த கணக்கு' வரி கட்டத்தான் உதவும், ரீஃபண்ட் கேட்க உதவாது.

இரண்டாவது விஷயம். நாலாவது வருடம் யாரோ சொல்லி ஒரு ஏஜென்டிடம் போயிருக்கிறான். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறார். சிறு தொழில் செய்கிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு சுருக்கு வழி உண்டு. கணக்குப் புத்தகம் வேண்டாம்; வங்கி மூலம் வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். செலவெல்லாம் அதற்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. ஒன்பது லட்சம் வரவுக்கு 6 சதவீதம் 54,000. ரீஃபண்ட் 9,000 வந்துவிட்டது, பையனுக்குச் சந்தோஷம். சொந்தமாக ஒரு ஜெனரேட்டரும் சின்ன வண்டியும் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனபோதுதான் அந்த 54,000 எதிரே வந்து நின்றது.

உண்மையில் அவன் சம்பாதித்தது எவ்வளவு? பையில் இருந்த சீட்டுகளையும் அவன் ஞாபகத்தையும் வைத்துப் போட்டுப் பார்த்தோம். உதவி ஆட்கள் இரண்டு பேர், நாளுக்கு 600 வீதம் 300 நாள்: 3,60,000. ராடு, கிரைண்டிங் வீல், கேஸ்: 1,10,000. டீசல், பைக் பெட்ரோல்: 60,000. கையுறை, கண்ணாடி, ஷூ, கேட் பாஸ், போன்: 20,000. மொத்தம் ஐந்தரை லட்சம். மீதி 3,50,000. வெல்டிங் செட்டும் மற்ற கருவிகளும் 1,20,000 ரூபாய்க்கு வாங்கியது. இயந்திரத்துக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம், அதாவது 18,000. அதுதான் அப்பா சொன்ன படகுப் பங்கு. அதையும் கழித்தால் 3,32,000.

ஒன்பது லட்சமும் அவன் வருமானம் இல்லை. ஐம்பத்தி நாலாயிரமும் இல்லை. மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம்தான் அவன் உழைப்பு. இந்த வருமானத்துக்கு வரி ஒரு பைசா கிடையாது. சுருக்கு வழியிலேயே போனாலும், 6 சதவீதத்துக்கு மேல் உண்மையில் சம்பாதித்ததைக் காட்டச் சட்டத்தில் தடையும் இல்லை. காட்டியிருந்தால் ரீஃபண்டும் வந்திருக்கும், வங்கியும் மதித்திருக்கும்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். எங்கள் பையன்களிடம் "கணக்கு எழுதுடா" என்றால் ஒரே பதில்தான் வருகிறது: "நோட்டு போட்டா வரி வலையில மாட்டிக்குவோம் மாமா." அந்த வலையில் அவன் என்றைக்கோ மாட்டியாயிற்று. பில்லில் ஒரு சதவீதம் பிடித்த அன்றே, அவனுக்கு எவ்வளவு வந்தது என்பது பைசா சுத்தமாகப் பதிவாகிவிட்டது. வரவு அவர்களுக்குத் தெரியும். செலவு உனக்கு மட்டும்தான் தெரியும். அதை நீ சொல்லாவிட்டால் உனக்காக வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்பளக்காரனாக இருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை. சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் நிலைக் கழிவு என்று ஒன்று உண்டு. 2018-இல் 40,000 என்று கொடுத்தார்கள், பிறகு 50,000 ஆயிற்று, இப்போது புதிய முறையில் 75,000. ஒரு சீட்டு காட்ட வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே சாய்ந்துகொண்டு பென்ஷன் வாங்குகிற எனக்கு 75,000 சும்மா கழிகிறது. நெருப்பில் நிற்கிறவன் ஒவ்வொரு ராடுக்கும் பில் வைத்திருக்க வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நியாயம் வருகிறவரை நோட்டு வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நோட்டு என்றால் பெரிய வித்தை இல்லை. பிரிவு எண்ணெல்லாம் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. 1961-ஆம் வருடச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதுச் சட்டம் வந்து எண்களும் மாறிவிட்டன. அடிப்படை மாறவில்லை: முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவு கழியும், வீட்டுச் செலவு கழியாது. வேலைக்கும் மாமியார் வீட்டுக்கும் ஒரே பைக்கில் போனால், வேலைக்குப் போன அளவு பெட்ரோல்தான் கணக்கு. போன் பில்லும் அப்படித்தான். கருவி வாங்கிய பணம் ஒரே வருடத்தில் கழியாது, தேய்மானமாக வருடா வருடம் கழியும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாக ஏற்கப்படாது. வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். நம்மூர் இறால் வியாபாரிகள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மீன் பிடித்தவரிடமே நேராக வாங்கும் மீனுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஆட்களுக்கு வாரக் கூலி கொடுக்கும்போது தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கினால் போதும்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். கழிவு என்றதும் சில பேருக்குக் கை நீளும். போடாத நன்கொடை, கட்டாத இன்ஷூரன்ஸ் எல்லாம் எழுதி, வருகிற ரீஃபண்டில் பங்கு கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவு எழுதிக் கொடுத்தவர்களைத் தேடி வருமான வரித் துறை நாடு முழுக்கச் சோதனை நடத்தியது. பொய்க் கணக்கு என்று தெரிந்தால் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். எழுதிக் கொடுத்தவன் போனை அணைத்துவிடுவான், நோட்டீஸ் நம் பையன் பெயருக்குத்தான் வரும். கரையில் துண்டு விரித்தபோது வாங்காத ஐஸுக்குக் காசு எடுத்தால் அடுத்த நாள் அவனைப் படகில் யார் ஏற்றுவார்கள்?

கடனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மீஞ்சூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிற பிள்ளைகள் இவர்கள். சொல்லவே கூசுகிறது, ஆனால் ஒரு விபத்து என்றால் நஷ்டஈட்டு வழக்கில் "இவர் என்ன சம்பாதித்தார்?" என்பதுதான் முக்கியக் கேள்வி. அதற்கு வருமான வரிக் கணக்கைத்தான் நல்ல சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் 54,000 என்று இருந்தால், அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

கான்ட்ராக்ட் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடித்தம் செய்ததற்கான சான்றிதழை அந்தப் பையன் கையில் கொடுத்து, "இது உன் பணம், கணக்கு போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்" என்று ஒரு வரி தமிழில் சொல்ல உங்களுக்கு என்ன செலவு? அரசாங்கத்துக்கும் அதேதான். ஒன்றும் தெரியாமல் பணத்தை விட்டுவிட்ட மூன்று வருடம் இவனுக்கு மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அவர்களைச் சொல்லுமுன் என்னைச் சொல்ல வேண்டும். 33 வருடம் அடுத்தவர் கணக்கு பார்த்தவன் நான். நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா மகனிடம் ஒரு நாள்கூட "உன் டி.டி.எஸ். என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தான், வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அவன் பையைத் திரும்பக் கட்டும்போது அக்கா கதவோரம் நின்று, "நீ பக்கத்துலயே இருந்தியேடா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

பழைய மூன்று வருடத்துக்கும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. நியாயமான காரணம் சொல்லி, தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி அதிகாரிக்கு மனு கொடுக்கலாம். அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் திண்ணையில் நாலைந்து பையன்கள் உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. என்னைப் போலக் கணக்கு தெரிந்து ஓய்வு பெற்றவர்கள் பழவேற்காட்டிலும் பொன்னேரியிலும் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.