பெயர் பொருத்தும் விதிகளுக்குத் தனித்தனிப் பெட்டி வேண்டும்

பெரணமல்லூரில் முருகன் என்று ஒரு பட்டு நெசவாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய குடும்ப அட்டையில் 'ரா. முருகன்' என்றிருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் 'முருகன் ராமன்'. நெசவாளர் சங்கப் பதிவேட்டில் 'முருகன் ஆர்'. இவர் ஒருவரா, மூவரா? ஊரில் உள்ள எவரும் உடனே சொல்லிவிடுவர். கணிப்பொறிக்கோ யாரேனும் விதி எழுதிக் கொடுத்தாக வேண்டும். விதி பிசகினால் ஒரே ஆள் இருவராகப் பிரிந்து, வரவேண்டிய உதவித்தொகை நின்றுபோகும். அல்லது இரண்டு முருகன்கள் ஒருவராகி, ஒருவர் பணம் மற்றவர் கணக்கில் போய்ச் சேரும்.

இத்தகைய விதிகளை நிரல்களாக எழுதி, வேண்டியவர் எடுத்தாளும்படி சேர்த்து வைத்திருப்பதை மென்பொருள் நூலகம் என்பார்கள். அந்த நூலகத்தில் ஆள் பெயர், ஊர்ப் பெயர், தேதி, அடையாள எண் ஆகியவற்றுக்கான விதிகள் தனித்தனி வகைகளாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இது வெறும் ஒழுங்குக்காக அன்று. பாவு நூலும் பட்டுதான், ஊடை நூலும் பட்டுதான். ஆனால் முறுக்கு வேறு. நெசவாளர் அவற்றைக் கலந்து வைப்பதில்லை.

ஆள் பெயரில் முதற்சொல்லைச் சுருக்கலாம், பின்னால் தள்ளலாம், சில வேளை விட்டும் விடலாம். அது தந்தையின் பெயர்தானே! இதே விதியை ஊர்ப் பெயருக்குப் பாய்ச்சிப் பாருங்கள். சின்ன சேலம் சேலமாகிவிடும்! ஊர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. 'ஊர்' என்னும் ஈற்றை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் வாயில் 'வாண்டிவாஷ்' ஆன வந்தவாசியை எந்த ஒலி விதியாலும் எளிதில் மீட்க முடியாது. அதற்குப் பட்டியல்தான் வேண்டும். இன்னொன்று: 1989-க்கு முந்தைய பதிவுகளில் பெரணமல்லூர் வட ஆர்க்காடு மாவட்டம், இன்று திருவண்ணாமலை மாவட்டம். ஆகவே ஊர் விதிக்கு ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. பெயர் சவுண்டெக்ஸ். 1918-இல் அமெரிக்கரான ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, மீதி மெய்களுக்கு ஒலி இனப்படி 1 முதல் 6 வரை எண் கொடுப்பது இதன் சாரம். முருகன் என்பதை நடுவில் 'ஜி' போட்டாலும் 'கே' போட்டாலும் 'எம் 625' என்றே வரும். பலே! ஆனால் கணேசனை 'ஜி'யில் தொடங்கினால் 'ஜி 525', 'கே'யில் தொடங்கினால் 'கே 525'. நமக்கு இரண்டும் ஒரே 'க'தான். அந்த முறைக்கோ வேறு ஆட்கள். வேடிக்கை இன்னும் இருக்கிறது: மோகன், மணி, மீனா மூவருக்கும் ஒரே குறி, 'எம் 500'! அமெரிக்கப் பெயர்களுக்கென்று வெட்டிய சட்டையை நம் பெயர்களுக்கு மாட்டினால் இப்படித்தான். தமிழ்ப் பெயர் என்ற வகை தனியே இருந்தால், முதலெழுத்து விதியை அங்கு மட்டும் திருத்திவிடலாம், மற்றவை கெடாது.

எண்களின் கதை நேர் எதிர். பெயரில் தாராளம் வேண்டும். எண்ணில் கண்டிப்பு வேண்டும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், டச்சுக் கணிதர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி அமைந்த சோதனை இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அங்கே 'ஏறக்குறைய சரி' என்ற பேச்சே கூடாது.

'வகை பிரித்தால் ஒரே விதியைப் பல இடத்தில் எழுத நேருமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை நம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொற்கள் புணரும் விதிகளை அது உயிரீறு, மெய்யீறு, குற்றியலுகரம் என்று தனி இயல்களாகப் பிரிக்கிறது. பலவற்றுக்கும் பொதுவானவற்றைத் தொகைமரபு என்னும் இயலில் முன்னதாகவே தொகுத்து விடுகிறது. மரப்பெயர்களுக்கு மட்டும் தனி விதி; மா, காயோடு சேர்ந்து மாங்காய் ஆவது அப்படித்தான். நிரல் எழுதுவோருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்குமா என்பது ஐயமே.

'கணிப்பொறி தானே கற்றுக்கொள்ளும் காலத்தில் விதி எதற்கு?' என்பாரும் உளர். கற்கட்டும். ஆனால் பணம் வராத முருகன் 'ஏன்?' என்று கேட்கும்போது, இன்ன வகையில் இன்ன விதி தடுத்தது என்று சுட்டிக்காட்ட வேண்டாமா? கனடா நாட்டுப் புள்ளியியலார் ஃபெல்லெகியும் சன்டரும் 1969-இல் வகுத்த கோட்பாடு ஆம், இல்லை என்ற இரண்டோடு நிற்கவில்லை. ஐயமானவற்றை மனிதர் பார்வைக்கு ஒதுக்கச் சொன்னது. அந்த ஐயப் பட்டியல் எங்கோ தலைநகரில் இருப்பவரிடம் போகாமல், ஊர் தெரிந்தவரிடம் வர வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பத்துப் பெயர் முடிவதற்குள் மூன்று விதிகளாவது உங்கள் கைக்குக் கிடைக்கும். அவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில் உங்களுக்குள் சண்டை வந்தால் நல்லதே.